விடியற்காலையில் இன்ஜின் போடும் சத்தம்: பிக்கப் வண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அதிகாலை மூன்றரை மணிக்கு ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவன் நான். பெரும்பாலும் முள்ளு கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே இலவம்பாடிக் கத்திரிக்காய்தான். சென்ற ஆண்டு மார்கழியில் என் பிக்கப் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று தையல் இயந்திரம் போல ஒரு சத்தம். அணைக்கட்டு வருவதற்குள் அடங்கிவிடும். பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் இன்ஜின் சமர்த்தாக ஓடும். வீட்டில் இரவெல்லாம் இருமிய பிள்ளை டாக்டர் முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தக் கதை.

கேட்காத சத்தத்துக்கு மெக்கானிக் வைத்தியம் பார்த்தார். இரண்டு முறை டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சரிசெய்தார், டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார், கடைசியில் "இன்ஜினை இறக்கிப் பார்த்துவிடலாம்" என்றார். அங்கேதான் நான் விழித்துக்கொண்டேன். முதல் சில நிமிடங்களில் மட்டும் பேசுகிற சத்தத்தை அந்தச் சில நிமிடங்களில்தான் விசாரிக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் இருப்பது மெக்கானிக் அல்ல, நாம். அந்த விசாரணையை எப்படிச் செய்வது என்பதை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லாம் டீசல் பிக்கப்பை மனத்தில் வைத்துச் சொல்வது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். "வேலூர் வெயிலில் குளிர் ஸ்டார்ட்டா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. குளிர் என்பது ஊருக்கு அல்ல, இன்ஜினுக்கு. ஓடும்போது இன்ஜினின் தண்ணீர் 85, 90 டிகிரியில் இருக்கும். பகலில் 40 டிகிரியைத் தாண்டுகிற மே மாதத்திலும் விடியற்காலையில் அது 30 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். ஆயில் முழுக்கக் கீழே அடித்தொட்டிக்கு வடிந்திருக்கும். உலோகங்கள் சுருங்கி, இடைவெளிகள் அகன்றிருக்கும். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் காவலூர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதெல்லாம் இன்னும் ஒரு மடங்கு கூடுதல். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஓடாமல் நின்ற இன்ஜினுக்கு எந்த மாதமும் மார்கழிதான்.

முந்தைய இரவே செய்ய வேண்டியது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும். மேலே தேங்கும் ஆயிலின் போக்கும் மாறும். கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள், எந்த ஆயில், எந்த ஃபில்டர் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பில் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தத் தாளே பாதி நோயைச் சொல்லிவிடும் என்பது பிறகு தெரியும்.

காலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் கேட்க. நான் என் மச்சானை எழுப்பினேன், "சத்தம் கேட்கவா எழுப்பினீர்கள் மாமா?" என்று அவன் அலுத்துக்கொண்டதும் அந்த வீடியோவில் பதிவாகியிருக்கிறது. பானெட்டை முன்பே திறந்து வைத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு ஓடிவந்து திறந்தால் முக்கியமான ஐந்து விநாடி போய்விடும். ரேடியோ, ஏசி, ஃபேன் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

லுங்கி வேண்டாம். தோளில் துண்டும் வேண்டாம். சுற்றுகிற பெல்ட்டுக்குத் துணி என்றால் கொள்ளை ஆசை.

சாவியைத் தொடுவதற்கு முன்

டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் கிடைக்கும் அளவுதான் நம்பகமானது. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. ஆயிலை நிரப்பிவிட்டு, மறுநாள் காலை மறுபடி கேளுங்கள். மேல்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அதைவிடக் கவலை: யாரும் ஊற்றாமல் ஆயில் அளவு தானாக உயராது. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, எண்ணெய் நீர்த்து வழிந்தால், எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

முதல் ஐந்து விநாடி

போனில் வீடியோவை ஓடவிட்டு, அதை இன்ஜினுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் பிடியுங்கள். சாவியை ஆன் செய்து, ஹீட்டர் விளக்கு (சிலிண்டர் சூடேறுவதைக் காட்டுவது) இருந்தால் அது அணையும்வரை காத்திருந்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் டிரைவர்களில் பாதிப் பேர் ஸ்டார்ட் ஆன கையோடு ஒரு ரேஸ் கொடுப்பார்கள். ஆயில் இன்னும் மேலே ஏறாத நேரத்தில் கொடுக்கும் அந்த ரேஸ், ஆயிலே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். டர்போ வண்டிக்கு இன்னும் கேடு.

உள்ளே இருப்பவருக்கு ஒரே வேலை: ஆயில் விளக்கைப் பார்ப்பது. இரண்டு மூன்று விநாடிக்குள் அணைய வேண்டும். ஐந்து எண்ணியும் எரிந்துகொண்டிருந்தால் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். ஆயில் பிரஷரை அளக்காமல் அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

வெளியே நிற்பவர் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கை இப்படிப் படிக்கலாம். ஒன்று முதல் ஐந்து விநாடிக்குள் சட்டென்று நின்றால், ஆயில் மேலே வரத் தாமதமாகிறது. அல்லது டைமிங் செயினை (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்கு செய்யும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ஓரிரு நிமிடம் கீச்சிட்டு அடங்கினால் பெல்ட். ஐந்து, பத்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும் மெல்ல மெல்லக் கரைந்தால், சுருங்கிய உலோகம் விரிந்து இடைவெளியை மூடுகிறது: சைலன்சர் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) கசிவு, அல்லது பிஸ்டன் லைனரில் (அது ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தட்டுவது. சூடேற ஏறச் சத்தமும் கூடினால் அது குளிர் ஸ்டார்ட் கணக்கில் வராது. பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஓட்டாதீர்கள்.

காது எண்ண முடியாததைப் போன் எண்ணும்

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் இதுதான் என் காசைக் காப்பாற்றியது. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) விநாடிக்குப் பதின்மூன்று சுற்று சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம், விநாடிக்கு ஆறேழு. காதால் இரண்டையும் பிரிப்பது கடினம். வீடியோவைக் கால் வேகத்தில் ஓடவிட்டால் எண்ணிவிடலாம். பத்து விநாடியில் ஏறத்தாழ பதினேழு தட்டு கேட்டால் சத்தம் கேம் வேகத்தில் வருகிறது: வால்வு, டேப்பெட், ஒரே ஒரு நாசில், அல்லது ஒரு சிலிண்டரின் புகை கசிவு. முப்பத்துமூன்று பக்கம் வந்தால் கிராங்க் வேகம்: ஃப்ளைவீல், கிராங்க் புல்லி, கனெக்டிங் ராடு. பிஸ்டன் தட்டுவது இரண்டு விதமாகவும் கேட்கும் என்பதால் அதை மட்டும் இந்தக் கணக்கில் நம்பாதீர்கள். குளிரில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) சற்றுக் கூடுதலாக இருக்கும்; மீட்டரில் உள்ள சுற்றைப் பார்த்து எண்ணிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தோஸ்த் போன்ற மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில் சற்று அதிர்வது அதன் பிறவிக் குணம். நான்கு சிலிண்டர் பொலிரோ பிக்கப் ஓட்டிவிட்டு அதில் ஏறினால் எல்லாமே கோளாறாகத்தான் தெரியும்.

காசில்லாத சோதனைகள்

கிளச்சை மிதியுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். மிதித்ததும் சத்தம் நின்றாலோ புதிதாகத் தோன்றினாலோ கோளாறு இன்ஜினில் இல்லை. கிளச் பேரிங்கிலோ கியர்பாக்ஸின் முன் பேரிங்கிலோ இருக்கிறது. ஸ்டார்ட் ஆன நொடியில் மட்டும் கர்ரென்று அரைத்தால் செல்ஃப் மோட்டாரின் பல் விலகத் தாமதிக்கிறது.

கீச்சென்ற சத்தத்துக்குத் தண்ணீர். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி சற்று இறங்கியிருக்கும்; ஸ்டார்ட் ஆனதும் டைனமோ அதை நிரப்பப் பாடுபடும். அந்தச் சுமையும் பனி ஈரமும் சேர்ந்தால் பழைய பெல்ட் கத்தாமல் என்ன செய்யும்? தள்ளி நின்று, ஓடும் பெல்ட்டின் உட்பக்கத்தில் சில துளி தெளியுங்கள். சத்தம் சிறிது நேரம் நின்று திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட் பளபளத்துத் தேய்ந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கீச்சுக்குப் பதிலாக ஊம் என்று அடித்தொண்டையில் உறுமினால் டைனமோ, வாட்டர் பம்ப், டென்ஷனர் இவற்றில் ஒன்றின் பேரிங். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, சொரசொரப்பது எது என்று கண்டுபிடிக்கலாம். பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்: பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்னால்தான் இருக்கிறது. பெல்ட் இல்லையென்றால் பிரேக்கும் கல்லாகிவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை இன்ஜின் மீது வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். வால்வு கவர், முன்பக்க டைமிங் கவர், அடித்தொட்டி, டைனமோ என்று ஒவ்வோர் இடமாக வைத்தால் சத்தம் எங்கே பலமாக அடிக்கிறது என்று தெரியும். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

ஆயிலும் ஃபில்டரும்

மூன்று நான்கு விநாடி கடகடத்து நிற்கிற சத்தமா? அந்த இரவுத் தாளை எடுங்கள். ஃபில்டர் மாற்றிய வாரத்திலிருந்து சத்தம் தொடங்கியிருந்தால் ஃபில்டர்தான் முதல் குற்றவாளி. டப்பா வடிவ ஃபில்டருக்குள் ரப்பரால் ஆன ஒரு தடுப்பு வால்வு இருக்கும். இன்ஜின் நின்றதும் ஆயில் திரும்பி வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். ஃபில்டர் படுத்தவாக்கிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட இன்ஜினில் ஒரே இரவில் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே அனுப்பும். அதுவரை மேலே உலோகத்தோடு உலோகம்.

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ40 என்றிருந்தால், டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குளிரில் அது எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய ஓட்டம் கூடும். அதற்காக நாமே நீர்த்த ஆயிலுக்குத் தாவக் கூடாது, சத்தத்தை மூடக் கெட்டி ஆயில் ஊற்றவும் கூடாது. வண்டிப் புத்தகத்தில் உள்ளதே ஊற்ற வேண்டியது.

ஃபில்டரும் ஆயிலும் சரியாக இருந்தும் முன்பக்க டைமிங் கவருக்குள் சங்கிலி உரசும் கரகரப்பு கேட்டு, மாதத்துக்கு மாதம் ஒரு விநாடி நீண்டுகொண்டே போனால் டைமிங் செயின். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதக்கூடும். பிறகு செலவு ஹெட்டோடு (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) நிற்காது.

டேப்பெட், நாசில், ஹீட்டர் பிளக்

டேப்பெட் இடைவெளி என்பது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைப்பது. பெரும்பாலான இன்ஜின்களில் ஆறிய நிலையில் வைக்க வேண்டும். வண்டி வந்து நின்ற சூட்டோடு "காதாலேயே வைத்துவிடுவேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே போடாத டேப்பெட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்: இறுக்கி வைத்த வால்வு முழுதாக மூடாமல், சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் கருகிவிடும். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் வகை என்றால் சரிசெய்ய எதுவுமில்லை. ஆயில் சரியாகப் போய்ச் சேர்ந்தால் தானே அடங்கும்.

ஆணியடிப்பதுபோல் கடினமான தட்டும், சைலன்சரில் கண்ணெரியும் வெண்புகையும் சேர்ந்து வந்தால் டீசல் தாமதமாகப் பற்றுகிறது. குளிர்ந்த சிலிண்டரில் தெளித்த டீசல் உடனே பற்றாமல் சேர்ந்து, ஒரேயடியாக வெடிப்பதன் சத்தம் அது. சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஓர் எளிய சோதனை: சாவியை ஆன் செய்து விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரட்டைச் சூட்டில் சத்தம் பாதியானால் பிளக்கோ அதன் ரிலேயோ. ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் நல்ல பிளக் ஓர் ஓம் அளவில்தான் காட்டும்; ஒன்றுமே காட்டாதது அறுந்துபோனது.

பிளக் நன்றாக இருந்தால் நாசில். பழைய பம்ப் வண்டியில் ஒவ்வொரு பைப்பாக நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பார்கள். காமன் ரயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) அந்தப் பழக்கத்தைக் கனவிலும் நினைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலே போகும். மயிரிழைக் கசிவே தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றும். அப்படி ஆனால் காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். ஸ்கேனர் உள்ள இடத்தில் ஒவ்வொரு நாசிலையும் கணினியிலிருந்தே நிறுத்திப் பார்க்கலாம், நாசில்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் அளவை ஒப்பிடலாம். அதற்கு ஆகும் கூலி நியாயமானது.

என் வண்டியில் கடைசியில் கிடைத்தது

வீடியோவில் எண்ணினேன், கேம் வேகம். ஸ்க்ரூடிரைவரை வால்வு கவரில் வைத்தால் சத்தம் மந்தம். டேப்பெட் இல்லை என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் பானெட்டுக்கு மேலே தலையை நீட்டினால் காதில் அறைகிறது. காற்றில் பலமாகவும் உலோகத்தில் மந்தமாகவும் கேட்டால் அது கசிவு.

மறுநாள் காலை, டீசல் எங்கும் சொட்டவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தினேன். மச்சான் ஸ்டார்ட் செய்தான். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பில் பத்தியை மெல்ல நகர்த்தினேன். முதல் சிலிண்டரில் புகை நேராக எழுந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதன் கீழ்விளிம்புக்கு வந்ததும் புகை துண்டு துண்டாகத் தெறித்தது, டிக் சத்தத்தோடு தாளம் தப்பாமல். டார்ச்சைக் கிட்டே பிடித்தால் அங்கே விரல் நகம் அளவுக்கு விசிறிபோல் கரி படிந்திருந்தது. மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஒரு ஸ்டட்டின் (மரை போட்ட கம்பி) நட்டே இல்லை. இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் அந்த இடத்தில் அரித்துப்போயிருந்தது. குளிரில் திறந்திருக்கும் அந்த இடைவெளி, வார்ப்பிரும்பு சூடாகி விரிந்ததும் மூடிக்கொண்டது. பத்து மணிக்கு மெக்கானிக் காதில் விழாத ரகசியம் இவ்வளவுதான்.

இதைச் சின்னக் கோளாறு என்று விடவும் கூடாது. புகை கேபினுக்குள் வரும். ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டு வண்டியிலேயே தூங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது உயிர் ஆபத்து.

பொறுக்கலாமா, நிறுத்த வேண்டுமா

பிஸ்டன் தட்டும் சத்தம் மொத்தையாக, மண்பானையைத் தட்டுவதுபோல் இருக்கும். அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் சூடானதும் லைனரோடு சரியாகப் பொருந்திச் சத்தம் அடங்குகிறது. ஆயில் குடிக்கவில்லை, நீலப்புகை இல்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) சரி என்றால் இந்தச் சத்தத்தோடு பல ஆண்டு ஓட்டலாம். போர் ஒர்க்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றும் வேலை) அவசரப்படுத்துபவரிடம் முதலில் கம்ப்ரஷன் அளவைக் கேளுங்கள்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அப்படியல்ல. அடித்தொட்டிப் பக்கத்திலிருந்து கனமாக, சம்மட்டி அடிபோல் வரும். ரேஸ் கொடுத்தால் கூடும், சூடானாலும் போகாது. ஆயிலை வடித்து வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெயிலில் பிடித்தால் மின்னும் துகள்கள் இருந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். "மார்க்கெட்வரை ஒரு நடை போய்விட்டு வருகிறேன்" என்று ஓட்டி, பேரிங் செலவைக் கிராங்க் செலவாக மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

காலையில் போகாதீர்கள். முந்தைய மாலையே வண்டியை விட்டு, சாவியைக் கொடுத்து, "நாளை நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். யாராவது அவசரத்தில் வண்டியை நகர்த்தி வைத்தாலும் அன்றைய விசாரணை வீண். காலையில் மெக்கானிக்கோடு நின்று இருவரும் சேர்ந்து கேளுங்கள். வீடியோவைக் காட்டுங்கள், தாளைக் கொடுங்கள். "டேப்பெட் சத்தம்" என்று நோயின் பெயரை நீங்களே சொல்லிவிடாதீர்கள்; எத்தனை விநாடி, எந்த இடம், கிளச் மிதித்தால் என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் அவர் அதைத்தான் சரிசெய்வார், என் வண்டிக்கு ஆனதுபோல. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்றியிருந்தால் ஸ்டட்டுகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், நட்டுகளை முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் ஒரு காலையில், அவற்றின் முறுக்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். என்னுடையதில் இரண்டு நட்டு கால் சுற்று இறங்கின.